முதல் மில்லிங் மெஷின்: ஓராண்டு ஓட்டிய பிறகு

டிரில்லிங் மெஷினிலேயே குறுக்கு வைஸ் (பொருளை இறுக்கிப் பிடித்து இரு திசைகளில் நகர்த்தும் பிடிப்பான்) பொருத்தி மில்லிங் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் வேலை) செய்யலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். பக்கவாட்டு விசை பட்டால், கட்டரைப் பிடித்திருக்கும் சக் கழன்று விழலாம். என் கண் முன்னால் விழுந்தது. அதன் பிறகுதான் எக்ஸ்2 வகைச் சிறிய மில்லிங் மெஷினை வாங்கினேன். இரண்டு பேர் தூக்கி மாடியறைக்கு ஏற்றினோம்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் வேலை தொடங்கிவிட முடியாது. டயல் கேஜை (நுண்ணிய உயர வேறுபாட்டைக் காட்டும் அளவி) ஸ்பிண்டிலில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) பொருத்திச் சுற்றிப் பார்த்தபோது, மேசையின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 0.12 மி.மீ. வேறுபாடு இருந்தது; அதாவது ஸ்பிண்டிலைத் தாங்கும் தூண் சற்றுச் சாய்ந்திருந்தது. தூணைத் தளர்த்தி, சரிசெய்து, மீண்டும் இறுக்க இரண்டு மாலைகள் ஆயின. அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு: இப்போது அலுமினியப் பரப்பு கண்ணாடிபோல் வருகிறது.

மூன்றாம் மாதம் இரும்பில் கட்டர் சிக்கி, உள்ளேயிருந்த பிளாஸ்டிக் கியரின் பற்கள் உடைந்தன. பெல்ட் அமைப்புக்கு மாற்றினேன். இரைச்சலும் பாதியாகக் குறைந்தது. வாங்கும்போதே பெல்ட் உள்ளதைக் கேளுங்கள்.

ஸ்பிண்டிலின் உள்ளேயுள்ள கூம்புத் துளை ஆர்8 வகையாக இருந்தால் நல்லது. லேசாகத் தட்டினாலே காலட் (கட்டரை இறுக்கிப் பிடிக்கும் குழல்) விடுபடும். எம்டி3 என்ற மற்றொரு துளை வகையில் அது இறுகிக்கொள்ளும்.

10 மி.மீ. கட்டரால் அலுமினியத்தில் 1 மி.மீ. ஆழம் தாராளமாக வெட்டுகிறேன். இரும்பில் 0.3 மி.மீ.க்கு மேல் போனால் தூண் அதிர்கிறது.

மெஷின் விலையில் பாதியை வைஸ், காலட், கட்டர்களுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். நல்ல வைஸை முதலில் வாங்குங்கள்.