லண்டன் கனிமக் கூடம்: ஒரு நகைப் பட்டறைக்காரனின் பார்வை

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் டைனோசரைப் பார்த்துவிட்டு, நடுக்கூடத்தில் தொங்கும் 25 மீட்டர் நீலத்திமிங்கில எலும்புக்கூட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதே கூடத்தின் படியேறினால் முதல் மாடியில் கனிமக் கூடம். நகைப் பட்டறை வைத்துப் பிழைப்பவன், நான் வேறு எங்கே போவேன்?

1881-இல் கட்டடம் திறந்த காலத்துத் தோற்றத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். டெரகோட்டா தூண்கள், நடுவே வரிசை வரிசையாகக் கண்ணாடி போட்ட ஓக் மரப் பெட்டிகள். பொடிசுகளைக் கூட்டிப்போனால் பத்து நிமிடத்தில் கையைப் பிடித்து இழுத்துவிடும். எனக்குப் பாதி நாள் போதவில்லை.

அடுக்கியிருப்பது அழகை வைத்தோ விலையை வைத்தோ இல்லை, வேதியியலை வைத்து. முதலில் தங்கம், வெள்ளி, செம்பு, கந்தகம் என்று தனிமங்கள். பிறகு சல்ஃபைடு, ஆக்சைடு என்று சேர்மங்கள். இந்தக் கணக்கில் நம் நவரத்தினப் பெட்டியே கலைந்துவிடுகிறது. மாணிக்கமும் நீலமும் கனக புஷ்பராகமும் ஒரே கொருண்டம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. குரோமியம் கொஞ்சம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். வைரத்துக்குப் பங்காளி யார் என்றால் பென்சிலில் இருக்கும் கிராஃபைட். கடையில் இதைச் சொன்னால் வியாபாரம் நடக்காது!

கூடத்தின் கடைசியில் ‘வால்ட்’ என்ற சின்ன அறை. எல்லாரும் மொய்ப்பது 296 வண்ண வைரங்களைப் பிரமிடாக அடுக்கிய ‘அரோரா’ முன்னால். நான் நின்றது லாட்ரோப் தங்கக் கட்டியிடம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1853-இல் கிடைத்தது. 717 கிராம், நம் கணக்கில் 89 சவரனுக்கு மேல். எடை பெரிதில்லை, அதைவிடப் பெரிய கட்டிகள் கிடைத்திருக்கின்றன. இது முழுக்கக் கனசதுரப் படிகங்கள். விளிம்பு விளிம்பாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, யாரோ அரம் போட்டு வைத்ததுபோல. நாங்கள் உருக்கி ஊற்றும் தங்கத்திலும் அணுக்கள் இதே கனசதுர ஒழுங்கில்தான் அடுக்கியிருக்கின்றன. அச்சில் அவசரமாக இறுகுவதால் அந்த வடிவம் வெளியே வர வழியில்லை. இத்தனை வருடம் கையில் புரட்டிய உலோகத்துக்குச் சொந்த முகம் ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பக்கத்திலேயே ‘டெல்லி ஊதா நீலக்கல்’. 1857-இல் கான்பூரில் இந்திரன் கோயிலில் கொள்ளை போனதாம், வைத்திருந்தவரையெல்லாம் சபித்ததாம். கடைசியாக வைத்திருந்த ஆங்கிலேய எழுத்தாளர் எட்வர்ட் ஹெரான்-ஆலன் அதை ஏழு பெட்டிகளுக்குள் பூட்டி, எச்சரிக்கைக் கடிதமும் எழுதி வைத்தார். பார்த்தால் நீலமே இல்லை, சாதாரணச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்). சாபக் கதையும் அவரே கட்டியதாக இருக்கலாம் என்கிறார்கள். நம் ஊரில் நீலத்தைத் தலையணைக்கடியில் வைத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோதிரத்தில் கட்டச் சொல்வார்கள். செவ்வந்திக்கல்லுக்குக்கூட இவ்வளவு பயந்தவரை நான் பார்த்ததில்லை.

நுழைவு இலவசம். சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனில் இறங்கி, எக்சிபிஷன் ரோடு வாசலை விட்டுவிட்டு குரோம்வெல் ரோடு வாசலில் நுழைந்தால் படிக்கட்டு கிட்டே. காலை 10 மணிக்குத் திறந்ததும் முதலில் வால்ட்டுக்குப் போய்விடுங்கள், அறை சின்னது. தொழில்காரர்கள் லூப் (கல் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி) எடுத்துப்போக வேண்டாம். அதற்குக் கல் ஒரு இன்ச் தூரத்தில் இருக்க வேண்டும், இங்கே கண்ணாடி விடாது. ஃபோன் ஜூம் போதும்.