பட்டறைச் சுவரில் வசனக் காலண்டர்: வாங்கலாமா, எப்படிப் பயன்படுத்தலாம்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். ஆனால் பைபிள் வசனத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அதிகார எண்ணும் வசன எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த எண் இல்லாத காலண்டரை இலவசமாகக் கொடுத்தாலும் மாட்ட வேண்டாம்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டுக் கூடத்திலும், பனியன் கம்பெனி ஆபீஸிலும், லேத் பட்டறையிலும் தொங்கும் தினசரித் தாள் காலண்டரைப் பற்றித்தான் இந்த விமர்சனம். இதற்கு இரண்டு உறவுகள் உண்டு. ஒன்று, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டை. மற்றொன்று, சுருட்டிய சீட்டுகள் அடங்கிய வாக்குத்தத்தப் பெட்டி. அட்டையை பைபிளுக்குள் அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டியைக் குலுக்கி வந்த சீட்டை வைத்துப் பெண் பார்ப்பதும், இடம் கிரயம் பண்ணுவதும் குறி கேட்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. அதை ஒதுக்கிவிடலாம்.

பொருளின் தரத்தை முதலில் பார்ப்போம். தாள் கட்டு வெறும் பின் அடித்து நிற்கிறதா, மேலே தகரப் பட்டை வைத்து அழுத்தியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பின் மட்டும் அடித்த கட்டு ஃபேன் காற்றில் ஆடி ஆடி பாதி வருஷத்திலேயே தளர்ந்துவிடும். ஒரு தாளைக் கிழித்தால் நாலைந்து சேர்ந்து வரும். நிட்டிங் யூனிட்டில் பறக்கும் பஞ்சு தாளிடுக்கில் அடைவதால் அங்கே இன்னும் சீக்கிரம் கெடும். தாளின் பின்பக்கம் வெறுமையாக இருப்பது அவசியம். காரணம் பின்னால் வருகிறது. எழுத்து, ஐந்தடி தள்ளி நின்று படிக்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

இனி உள்ளடக்கம். இவற்றில் வசனம் தேர்ந்தெடுப்பவர்கள் ஆறுதலும் ஆசீர்வாதமும் தருகிற வரியாகப் பொறுக்குகிறார்கள். சங்கீதம், ஏசாயா, எரேமியா, பிலிப்பியர் திரும்பத் திரும்ப வரும். லேவியராகமமும் ஆமோசும் அபூர்வம். வருகிற வசனத்திலும் ஒரு பாதிதான் வரும்.

ஏசாயா 58:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீர்ப்பாய்ச்சலான தோட்டத்தைப்போலவும், வற்றாத நீரூற்றைப்போலவும் இருப்பாய்.’ ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வருகிற பல்லடம், காங்கேயம் பக்கத்தில் இந்த வரி சுவரில் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்த அதிகாரம் உபவாசத்தைப் பற்றியது. மூன்றாம் வசனத்திலேயே குற்றச்சாட்டு வந்துவிடுகிறது: உபவாசம் இருக்கிற அதே நாளில் வேலைக்காரரைக் கசக்கி வேலை வாங்குகிறீர்கள். ஆறாம், ஏழாம் வசனங்கள் நுகத்தை உடைக்கவும், பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிரவும் சொல்கின்றன. ஒன்பதும் பத்தும் இன்னின்னதைச் செய்தால் என்று நிபந்தனை வைக்கின்றன. அதற்குப் பிறகே தோட்டமும் நீரூற்றும் வருகின்றன. காலண்டர் நிபந்தனையை வெட்டிவிட்டு, விளைச்சலை மட்டும் அச்சடித்திருக்கிறது.

மல்கியா 3:10ம் அப்படித்தான். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வசனத்துக்கு ஐந்து வசனம் மேலே, கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவருக்கு எதிராகத் தாமே சாட்சியாய் வருவதாகக் கர்த்தர் சொல்கிறார். ஞாயிறு காணிக்கை சரியாகப் போய், சனிக்கிழமை சம்பளம் மட்டும் இழுக்கிற கம்பெனியில் மாட்ட வேண்டியது அந்த ஐந்தாம் வசனத்தைத்தான்.

எரேமியா 29:11 வேறு வகை. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற இந்த வாக்கு, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவே மாட்டார்கள். அதுவரை என்ன செய்ய? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று ஐந்தும் ஏழும் சொல்கின்றன. அடுத்த மாதம் ஆர்டர் வந்துவிடும் என்பதற்கு இந்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறவர், கடிதத்தை நடுவில் பிரித்துப் படிக்கிறார். தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வந்து வாடகை லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கோ, முழு அதிகாரமும் பொருந்தும்.

இதற்கு ஒரு நியாயமான பதில் உண்டு. தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆமென் என்று 2 கொரிந்தியர் 1:20 சொல்கிறதே, இஸ்ரவேலுக்குச் சொன்னதை நாம் ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது? எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கிறிஸ்துவின் வழியாக வரும்போது வாக்குடன் கட்டளையும் சேர்ந்தே வருகிறது. மோசேயின் சட்டம் சபைக்கு அப்படியே சிவில் சட்டம் இல்லை என்பதும் உண்மை. அந்தச் சட்டத்துக்குக் கர்த்தர் சொன்ன காரணம் மட்டும் மாறவில்லை. மோசேயின் சட்டத்தில் உள்ள உபாகமம் 24:15 கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்லி, கூலிக்காரன் ஏழை, அந்தக் கூலியை நம்பி இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. முந்தின வசனம் அந்நியனையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே இந்தி பேசுகிற செக்கிங் ஆளுக்கும் இது பொருந்தும். சரக்கு வாங்குகிற பார்ட்டி பில் பாஸ் ஆகவில்லை என்பது முதலாளிக்கும் பார்ட்டிக்கும் உள்ள விவகாரம். பிசிறு வெட்டுகிற அம்மாவின் அரிசிக் கடைக் கணக்கு அதற்காகக் காத்திருக்காது.

தினசரி வசனம் என்ற ஏற்பாட்டின் பழைய வடிவம் ஒன்று ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1728இல் தொடங்கியது. அங்கிருந்த மொராவிய சபையை நடத்திய சின்சென்டார்ஃப் பிரபு ஒருநாள் மாலைக் கூட்டத்தில் மறுநாளுக்கான வசனத்தைக் கொடுத்தார். 1731 முதல் அது வருஷா வருஷம் புத்தகமாக அச்சாகிறது. அதில் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதனோடு ஒட்டும் புதிய ஏற்பாட்டு வசனத்தை யோசித்துத் தேர்ந்தெடுப்பார்கள். நம் ஊர்க் காலண்டரில் இரண்டாம் வசனத்துக்கு இடமில்லை. வெள்ளிப் பனிமலைப் படத்துக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.

ஆகவே பயன்படுத்தும் முறை இதுதான். காலையில் தாளைக் கிழித்ததும் தூக்கிப் போடாமல், அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிஷம் போதும். பேசுவது யார், கேட்பது யார் என்று பாருங்கள். நிபந்தனை இருந்தால் அடிக்கோடு போடுங்கள். பிறகு தாளின் பின்பக்கத்தில் அன்றைக்குச் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தை ஆள், தொகை, நேரம் போட்டு எழுதுங்கள். ‘அன்பாக இருக்கவேண்டும்’ என்று எழுதினால் சாயங்காலம் சரிபார்க்க எதுவும் இருக்காது. ‘பவர் டேபிள் டெய்லருக்குப் போன வாரப் பாக்கி 850 ரூபாய், ஆறு மணிக்குள்’ என்று எழுதினால் இருக்கும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். மெல்லிய தாளில் ஜெல் பேனா மை ஊறிவிடும். எழுதிய தாளை பில் குத்துகிற கம்பியிலேயே குத்தி வைத்து, வாரக் கடைசியில் எடுத்துப் பாருங்கள்.

பலருக்கு இது இரண்டாம் வாரத்திலேயே நின்றுபோகும். ஒருநாளைக்கு மூன்று நான்கு காரியம் எழுதுவது முதல் காரணம். வசனத்துக்கும் தொழிலுக்கும் வலிந்து முடிச்சுப் போடுவது அடுத்தது. சில நாள் வசனம் துதி மட்டுமே. அன்றைக்குத் துதித்துவிட்டுத் தாளை வெறுமையாக விடலாம்.

காலண்டரில் வரவே வராத, ஆனால் இந்தப் பக்கத்துக்கு மிகவும் தேவையான சில பகுதிகளை நீங்களே எழுதி ஒட்டிக்கொள்ளலாம். முதலாவது நீதிமொழிகள் 22:26, 27: பிணைப்பட்டவனின் படுக்கையையும் கடன் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான் என்கிறது. ஏலச்சீட்டில் ஜாமீன் கையெழுத்துக்கு நேராகப் பொருந்துகிறது. ஒரு லட்சம் சீட்டு, 20 மாதம், மாதம் 5,000 என்று வையுங்கள். நண்பர் நாலாம் மாதம் சீட்டை எடுத்தால் பாக்கி 16 தவணை. மாதாமாதம் தவணையில் குறைகிற தள்ளுத் தொகையைக் கழிக்காமல் பார்த்தால் உங்கள் கையெழுத்தின் விலை 80,000 ரூபாய். அதை அவருக்காகக் கட்ட முடியும், கட்டியபின் திரும்பக் கேட்காமல் இருக்கவும் முடியும் என்றால் போடுங்கள். ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? நீதிமொழிகள் 6:1 முதல் 5 வரை வழி சொல்கிறது: கௌரவம் பார்க்காமல் நேரே போய்ப் பேசு, தூங்கப்போவதற்கு முன் பேசு.

இரண்டாவது உபாகமம் 22:8. புது வீட்டின் மெத்தைக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். மோட்டார் பெல்ட்டுக்குக் கம்பி வலை, சாயப்பட்டறைத் தொட்டிக்கு மூடி, விசைத்தறிக் கூடத்தில் தொங்குகிற வயருக்குக் குழாய் எல்லாம் இந்த ஒரு வசனத்தில் அடங்கும். மூன்றாவது நீதிமொழிகள் 11:1, கள்ளத்தராசு. மஞ்சள் மண்டி, கொப்பரைக் களம், கோழித் தீவனக் கடை வைத்திருப்பவர்கள் இதைத் தராசுக்கு மேலேயே ஒட்டலாம். எதிரே நிற்கிற விவசாயியும் படிப்பார்.

சபைக்கு மொத்தமாக ஆர்டர் கொடுப்பவர்களுக்கு: சாதாரண தினசரிக் கட்டில் நல்ல நேரம், ராகுகாலம் அச்சாகி வரும். மேலே வசனம், கீழே எமகண்டம் என்று வந்துவிடாமல் தனிக் கட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அச்சுக்கு முன் மாதிரித் தாள் வாங்கிப் பாருங்கள். அப்போதே, அன்றைக்குப் படிக்கவேண்டிய முழு அதிகாரத்தின் பெயரையும் தாளின் மூலையில் போடச் சொல்லுங்கள். ஒரு வரிதான்.