பின்னால் எடுக்கும்போது தெரியும் பிரேக்கின் குணம்: டிரெய்லருக்குச் சர்ஜா, எலெக்ட்ரிக்கா, இரண்டும் கலந்ததா?

கனடாவில் மஸ்கோக்கா ஏரிப் பக்கம் நண்பர் ஒருவருக்கு விடுமுறை வீடு இருக்கிறது. சாலையிலிருந்து வீடு வரைக்கும் சரளைக்கல் பாதை, நல்ல ஏற்றம். அவருடைய படகு டிரெய்லரை என் வண்டியில் மாட்டி, அந்த ஏற்றத்தில் பின்பக்கமாகவே ஏற்றப் பார்த்தேன். பத்தடி போனது. பிறகு சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். என் வண்டியின் சக்கரங்கள் சரளையைத் தோண்டிக்கொண்டு சுற்றினவே தவிர டிரெய்லர் அசையவில்லை. கல் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று இறங்கிக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. டிரெய்லரின் சக்கரங்கள் உருளாமல், சரளையில் இரண்டு கோடு கிழித்து வைத்திருந்தன. அதாவது பிரேக் பிடித்திருந்தது. பிரேக் மிதியைத் தொடாமலே அதைப் பிடித்தது நான்தான்.

விளக்கம் பிளக்கில் இருந்தது. என் வண்டியில் இருந்தது தட்டையான நான்கு பின் பிளக். டிரெய்லரில் ஐந்து பின். ஐந்தாவது பின் எதிலும் சேராமல் ஓரமாகத் துருத்திக்கொண்டிருந்தது. பின்விளக்கு, திரும்பு விளக்கு எல்லாம் ஒழுங்காக எரிந்ததால் அதை நான் பொருட்படுத்தவில்லை.

டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது, எந்த பிரேக் நன்றாக நிற்கும் என்பதைத்தான். சமதரையில், நேராகப் போகும்போது, ஒழுங்காகப் பராமரித்தால் எல்லாமே நன்றாகத்தான் நிற்கும். வித்தியாசம் தெரிவது சரிவில். அதைவிடத் தெளிவாகத் தெரிவது ரிவர்ஸ் எடுக்கும்போது. ஆகவே உங்கள் டிரெய்லரை எங்கே பின்னால் எடுக்கப்போகிறீர்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் என் வழக்கம்.

சர்ஜ் பிரேக்: தள்ளினால் பிடிக்கும்

வட அமெரிக்காவில் சர்ஜ் பிரேக் என்பார்கள், ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓவர்ரன் பிரேக் என்பார்கள். டிரெய்லரின் கழுத்துப் பகுதி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுகளால் ஆனது. முன்னால் போகும் வண்டி வேகத்தைக் குறைத்தால் டிரெய்லர் தன் எடையோடு முன்னால் வந்து முட்டும். அந்த முட்டலில் துண்டு உள்ளே சரிந்து, பிரேக் எண்ணெய் நிறைந்த ஒரு மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். எண்ணெய் அழுத்தம் சக்கரங்களுக்குப் போய் பிரேக் பிடிக்கும். ஐரோப்பாவில் எண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் கம்பியும் கேபிளும் இழுக்கும், தத்துவம் அதேதான்.

இதன் அழகு எளிமையில் இருக்கிறது. வண்டிக்குள் பெட்டி ஒன்றும் பொருத்த வேண்டாம். பாரம் கூடினால் முட்டல் கூடும், பிரேக்கும் தானாகக் கூடும். எந்த வண்டி வந்து மாட்டிக்கொண்டு போகும் என்று தெரியாத வாடகை டிரெய்லர்களில் இதையே வைப்பதற்கு அதுதான் காரணம்.

இதன் அறியாமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வண்டி நிற்கப் பார்ப்பதால் டிரெய்லர் முட்டுகிறதா, அல்லது வண்டி ரிவர்ஸில் டிரெய்லரைத் தள்ளுகிறதா என்று அந்தச் சிலிண்டருக்குத் தெரியாது. கழுத்து உள்ளே போனால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. சமதரையில் மெதுவாகத் தள்ளினால் கொஞ்சம் உரசலோடு போய்விடும். ஏற்றத்தில், புல்தரையில், சரளையில் தள்ளும் விசை கூடுவதால் பிரேக் இறுகுகிறது, இறுகுவதால் இன்னும் தள்ளுகிறோம், இன்னும் இறுகுகிறது.

இதற்கு மருந்துகள் சில உண்டு. பழைய முறை, கழுத்து உள்ளே சரியாதபடி குறுக்கே ஒரு பூட்டு முளையைச் செருகுவது. வேலை செய்யும். ஆனால் ரிவர்ஸ் முடிந்து அதை எடுக்க மறந்துவிட்டால், நெடுஞ்சாலையில் உங்கள் டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது. வண்டி முன்னால் நகர்ந்ததும் தானாக விடுபடும் நெம்புகோல்கள் சில பழைய டிரெய்லர்களில் உண்டு, அவை பரவாயில்லை.

அடுத்தது சொலினாய்டு வால்வு, அதாவது மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும் வால்வு. ரிவர்ஸ் கியர் போட்டதும் ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு கிளை டிரெய்லருக்கு வந்து, எண்ணெய் சக்கரங்களுக்குப் போகாமல் தடுத்துவிடும். ஐந்தாவது பின் இருப்பது இதற்காகத்தான். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், எந்தத் திசையில் சுற்றினாலும் ஒரே மாதிரி பிடிக்கும் என்பதால், சர்ஜோடு டிஸ்க் இருந்தால் இந்த வால்வு இல்லாமல் காலம் தள்ள முடியாது. நண்பருடையதும் டிஸ்க்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். ஐந்து பின் பிளக்கில் ரிவர்ஸுக்கான ஒயர் வழக்கமாக நீல நிறம். பெரிய வண்டிகளில் இருக்கும் ஏழு பின் பிளக்கிலும் ஒரு நீல ஒயர் உண்டு, ஆனால் அது எலெக்ட்ரிக் பிரேக்குக்கானது. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்துவிட்டால், நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் டிரெய்லரின் எலெக்ட்ரிக் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்ப வண்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டி அந்த ஒயரில் மின்சாரம் அனுப்பும். வால்வு அதை ரிவர்ஸ் என்று எடுத்துக்கொண்டு டிரெய்லர் பிரேக்கை அணைத்துவிடும். மிகவும் தேவைப்படும் நொடியில் பிரேக் இருக்காது. ஏழு பின் பிளக்கில் ரிவர்ஸ் விளக்குக்கானது நடுப் பின். அடாப்டர் வாங்கினாலும் அது எந்தப் பின்னை எதோடு சேர்க்கிறது என்று சோதனை விளக்கு வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை ஷூ எனப்படும் வளைந்த கட்டைகள் உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் டிரம் பிரேக்கிலேயே வடிவத்தை மாற்றிவிடுவது. பிரீ பேக்கிங் எனப்படும் டிரம்மில், சக்கரம் பின்பக்கம் சுற்றும்போது ஷூக்கள் தாமாக இறுகிக்கொள்ளும் குணம் இருக்காது. மின்சாரமும் வேண்டாம், முளையும் வேண்டாம். கடும் ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஐரோப்பியர்கள் இதிலே இன்னும் ஒரு படி போனார்கள். டிரம் பின்பக்கம் சுற்றத் தொடங்கியதும் ஒரு ஷூவைத் தாங்கும் பகுதியே விலகிக்கொடுத்து, ஷூ உள்ளே தளர்ந்துவிடும். பிரிட்டனில் 1989 ஏப்ரல் 1 முதல் தயாரான ஓவர்ரன் பிரேக் டிரெய்லர்களில், ஓட்டுநர் இறங்காமலே ரிவர்ஸ் எடுக்க முடிய வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு விலை உண்டு. முன்பக்கம் மேடு நோக்கி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டியைக் கழற்றினால், டிரெய்லர் பின்னால் உருள முயலும்போது அதே தளர்வு ஹேண்ட்பிரேக்கிலும் வரும். சிறிது தூரம் உருண்ட பிறகே நெம்புகோலின் ஸ்பிரிங் மிச்சத்தை இழுத்துப் பிடிக்கும். நெம்புகோலை முழுதாக மேலே தூக்குங்கள், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டே கழற்றுங்கள்.

ரிவர்ஸில் பிடித்துக்கொள்வது தெரிந்த குறை. பலர் யோசிக்காத குறை இதன் மறுபக்கம். படகு இறக்கும் சரிவில் டிரெய்லரைத் தண்ணீர் நோக்கிப் பின்னால் இறக்குகிறீர்கள். அப்போது டிரெய்லர் வண்டியைத் தள்ளவில்லை, கீழ்நோக்கி இழுக்கிறது. கழுத்து நீண்டுவிடும். சர்ஜ் பிரேக் பூஜ்யம். படகும் டிரெய்லரும் சேர்ந்த மொத்தப் பாரத்தையும் உங்கள் வண்டியின் பிரேக் மட்டுமே தாங்குகிறது, அதுவும் பாசி படிந்த கான்கிரீட்டில். மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போதும் இதே கதைதான். மலை இறக்கத்தில் கீழ் கியரில் போட்டு எஞ்சினால் வேகத்தைப் பிடித்து வைத்தால், டிரெய்லர் விடாமல் முட்டிக்கொண்டே வரும். அதன் பிரேக் இறக்கம் முழுதும் உரசிச் சூடேறும்.

எலெக்ட்ரிக் பிரேக்: சொன்னால் பிடிக்கும்

எலெக்ட்ரிக் பிரேக்கில் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம், ஒரு நெம்புகோலின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. வண்டியிலிருந்து மின்சாரம் வந்ததும் காந்தம் சுற்றும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். டிரம் அதை இழுத்துக்கொண்டு போகும். நெம்புகோல் நகர்ந்து ஷூக்களை விரிக்கும். காந்தம் இழுபடும் விசையே பிரேக்கைத் தள்ளுகிறது என்பதால் ஒரு காந்தத்துக்கு மூன்று நான்கு ஆம்பியர் போதும்.

ரிவர்ஸில் இதற்குக் குழப்பமே இல்லை. நீங்கள் மிதிக்காவிட்டால் பிடிக்காது. ஏற்றத்தில் எவ்வளவு தள்ளினாலும் உருண்டு வரும். பின்னால் இறங்கும்போது மிதித்தால் பிடிக்கும். முன்னோக்கிய ஓட்டத்துக்காக அமைந்த ஷூக்கள் என்பதால் கொஞ்சம் பலம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் பிடிக்கும்.

இதற்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் வேறொன்றுக்கு. டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும் அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், அப்போது வண்டியின் பிரேக்கை மிதிப்பது எவ்வளவு கெட்ட யோசனை என்று. எலெக்ட்ரிக் கன்ட்ரோலரில் கையால் இயக்கும் ஒரு சிறு நெம்பு உண்டு. அதை மெல்ல அழுத்தினால் டிரெய்லர் மட்டும் பிரேக் பிடிக்கும். பின்னாலிருந்து யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்ததுபோல் முழுத் தொடரும் நேராகும். சர்ஜில் இதற்கு வழியே கிடையாது.

தொல்லைகளும் உண்டு. கன்ட்ரோலர் வேண்டும். மிதித்ததும் முன்பே குறித்த அளவுக்கு மின்சாரம் அனுப்பும் மலிவானதை விட்டுவிட்டு, வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதைப் பார்த்து அதற்கேற்ப அனுப்புவதை வாங்குங்கள். பாரம் மாறும்போதெல்லாம் அளவை மாற்ற வேண்டும்: காய்ந்த சமதரையில் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் கை நெம்பை முழுதும் அழுத்தி, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லைக்கு வரும்வரை கூட்டி, பிறகு ஒரு துளி குறைக்க வேண்டும். வெறும் டிரெய்லருக்குப் பழைய அளவிலேயே விட்டால் சக்கரம் பூட்டி டயர் தேயும்.

ஒயர்தான் இதன் உண்மையான எதிரி. அச்சுக் குழாய்க்குள் உரசி அறுந்த ஒயர், பச்சை பூத்த இணைப்பு இவற்றால் ஒரு பக்கம் மட்டும் செத்துப்போயிருக்கும், நமக்குத் தெரியாது. இதற்கு ஒரு மலிவான சோதனை இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் திசைகாட்டியை டிரம்முக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வேறொருவரை கை நெம்பை அழுத்தச் சொல்லுங்கள். முள் துள்ளித் திரும்பினால் காந்தத்துக்கு உயிர் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

படகுக்கு மட்டும் இது வேண்டாம். தண்ணீரில், அதுவும் உப்புத் தண்ணீரில் டிரம்மை முக்கி எடுத்தால் காந்தமும் இணைப்பும் நெடுநாள் தாங்கா.

இரண்டும் கலந்தது

எலெக்ட்ரிக்–ஹைட்ராலிக்கில் கன்ட்ரோலரின் கட்டளை மின்சாரமாக வரும்; டிரெய்லரின் முன்பக்கம் இருக்கும் ஒரு பம்ப் அதை எண்ணெய் அழுத்தமாக மாற்றும். டிரம்முக்கு 1000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு அழுத்தம்), டிஸ்க்குக்கு 1600 பிஎஸ்ஐ அளவில் பம்புகள் விற்கின்றன. ரிவர்ஸில் முரண்டு பிடிக்காது, படகுச் சரிவில் பின்னால் இறங்கும்போதும் பிடிக்கும், தண்ணீருக்குள் போகும் பகுதியில் மின்சாரம் இல்லை. குறை என்றால் விலை. பிறகு, டிரெய்லரில் நல்ல பேட்டரி எப்போதும் இருக்க வேண்டும். சில வண்டிகளோடு வரும் கன்ட்ரோலர் இந்தப் பம்பை அடையாளம் காணாமல் டிரெய்லர் மாட்டவில்லை என்று சொல்லும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றுவிட்டால் நிறுத்தும் ஏற்பாடு மூன்றிலும் உண்டு. சர்ஜில் ஒரு கேபிள் சிலிண்டரை இழுத்துப் பூட்டிவிடும், மின்சாரமே வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அதுவே பிடிக்கும். மற்ற இரண்டும் டிரெய்லரின் பேட்டரியை நம்பியிருக்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி வணிக டிரெய்லர்களில் இது குறைந்தது 15 நிமிடம் பிடித்து வைக்க வேண்டும். இரண்டு வருடமாகத் தொடாத பேட்டரி 15 விநாடி பிடித்தாலே பெரிது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். மஸ்கோக்கா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மொத்த எடை 1360 கிலோவை எட்டினால் பிரேக் கட்டாயம். கலிபோர்னியாவில் முகாம் டிரெய்லர்களுக்கு 1500 பவுண்டிலேயே, அதாவது சுமார் 680 கிலோவிலேயே கட்டாயம். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வேண்டும், ஓவர்ரன் பிரேக்கை 3500 கிலோ வரை அனுமதிக்கிறார்கள். ஆஸ்திரேலியர்கள் 2000 கிலோவோடு ஓவர்ரனை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்க முடிய வேண்டும், எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். நீண்ட இறக்கத்தில் கனமான சர்ஜ் டிரெய்லரோடு வந்த எவருக்கும் ஆஸ்திரேலியர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும்.

முகாம் வண்டியோ சரக்கு டிரெய்லரோ என்றால், ஒரே வண்டிதான் இழுக்கும் என்றால், யோசிக்காமல் எலெக்ட்ரிக். சிறிய படகு, சமதரை வீடு, பலபேர் இரவல் வாங்கிப் போவார்கள் என்றால் பிரீ பேக்கிங் டிரம்மோடு சர்ஜ். பெரிய படகு, செங்குத்தான சரிவு, கையில் பணம் இருக்கிறது என்றால் கலந்தது.

அன்றைக்கு நண்பர் வீட்டுக்குள் போய், படகுச் சாவியோடு கட்டியிருந்த ஒரு துருப்பிடித்த முளையைக் கொண்டுவந்தார். வண்டியை ஓரடி முன்னால் எடுக்கச் சொன்னார். கழுத்து நீண்டதும் முளையைச் செருகினார். டிரெய்லர் சாதுவாக ஏறியது. அடுத்த வாரம் நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்ப் படகை வேறு ஏரியில் இறக்கும்போதுதான், முளை இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்தேன்.