ஆமோதிப்பவரா, மறுத்துக் கேட்பவரா?

3-ஆம் நூற்றாண்டில் திபேரியாவில் போதித்த யூத ஆசான் ரப்பி யோகனானுக்கு இரண்டு விதமான துணை வாய்த்ததை யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. அவர் எதைச் சொன்னாலும் அவருடைய கல்வித் தோழர் ரேஷ் லாகிஷ் 24 மறுப்புகளை எழுப்புவார். யோகனானும் 24 பதில்கள் தருவார். பாடம் தானாகவே விரியும்.

ரேஷ் லாகிஷ் இறந்தபின் எலெயாசர் பென் பெதாத் வந்தார். ஆசான் வாய் திறந்தாலே, அதற்கு ஆதாரம் இருக்கிறது என்பார். சரி, அதற்கும் அபாரமான நினைவாற்றல் வேண்டும்தான். ஆனால், நான் சொல்வது சரியென்று எனக்கே தெரியாதா என்று யோகனான் நொந்துபோனார்; ஆடையைக் கிழித்துக்கொண்டு ரேஷ் லாகிஷைத் தேடி அழுதார்.

எனக்கும் ரேஷ் லாகிஷின் வழிதான் பிடிக்கிறது. யூதச் சட்டப்படி இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது. சூடான இறைச்சிக் குழம்பில், பால் உணவுக்கென வைத்த கரண்டியைப் போட்டுவிட்டால், அவசரத்துக்கு ரப்பியின் தீர்ப்பு போதும். ஏன் அப்படித் தீர்ப்பளித்தார் என்பதை அப்புறம் போய் விடாமல் கேட்க வேண்டும்.