ஏழு வருடம் உட்கார்ந்து பார்த்த கூட்டம்

போன மாதம் எங்கள் பகுதிவாசிகள் கூட்டத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. மேடையேறிய ஒவ்வொருவரும் "எத்தனையோ பிரச்சினைகளைத் தீர்த்து வைத்த கூட்டம்" என்று புகழ்ந்தார்கள். பின்வரிசையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருடமாகப் போகிறேன், தீர்ந்த பிரச்சினைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படியும் மாதம் தவறுவதில்லை. புதிதாக வர நினைப்பவர்களுக்கு நல்லதும் கெட்டதும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாதத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம். சாலை, குப்பை, தண்ணீர், பேருந்து, இரைச்சல் என்று ஊர் வாழ்க்கையில் எதைப் பற்றியும் பேசலாம். வாடகைக்கு இருப்பவரா, சொந்த வீட்டுக்காரரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆளுக்கு மூன்றே நிமிடம்.

முதல் தடவை இந்த மூன்று நிமிடம் எனக்கு அநியாயமாகப் பட்டது. குப்பை வண்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசும் கோபத்தோடு போயிருந்தேன். அந்த வண்டி முன்பெல்லாம் எப்படி ஒழுங்காக வந்தது என்று ஆரம்பித்தேன், அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த மாதம் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். மொத்தமே நாலு வரிதான் இருந்தது. பழைய ஏதென்ஸ் நீதிமன்றங்களில் பேச்சுக்கு நேரம் அளக்கத் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். அகழாய்வில் கிடைத்த ஒன்று 6.4 லிட்டர் பிடிக்கும், காலியாக 6 நிமிடம் ஆகும். எங்களுக்கு அதில் பாதிதான்.

தலைமை ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு மாறும். என் முறை வந்த அன்று வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி இரண்டு பேர் எழுந்து நின்று கத்திக்கொள்ள, நான் மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். யாருக்கும் கேட்கவில்லை. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1863-ல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய் இப்படித்தான் மாட்டிக்கொண்டாராம். அந்த அவமானத்தில் கூட்ட விதிகளையெல்லாம் தேடிப் படித்து, 1876-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. "இருவரும் என்னைப் பார்த்துப் பேசுங்கள், ஒருவரையொருவர் பார்த்துப் பேச வேண்டாம்" என்ற ஒரே விதியைக் கற்றுக்கொண்டேன். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடுகிறது.

இத்தனை வருடத்தில் என்னைக் கட்டிப்போட்டது ஒரு சாயங்காலம். பிரதான சாலையைக் கடக்கும் சிக்னலில் நேரம் போதவில்லை என்று புகார். அந்தத் துறையில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். "நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்பது கணக்கு. சாலை 18 மீட்டர். 15 நொடி போதும்" என்றார். கணக்கு சரிதான், யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் வரிசையில் கைத்தடியோடு இருந்த அம்மா மட்டும் கேட்டார்: "தம்பி, அந்த நடக்கிறவர் யாரு? நான் ஒருநாளும் அவரைப் பார்த்ததில்லையே?"

அப்புறம் எல்லோரும் வெளியே வந்தோம். வாசலில் 18 மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போட்டோம். அம்மா நடந்தார். பொறியாளரே கைப்பேசியில் நேரம் பார்த்தார். 26 நொடி. அவர் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அமெரிக்காவில் 2009-ல் இந்த வேகக் கணக்கை நொடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்ததைச் சொன்னார். போட்டுப் பார்த்தோம். அதன்படியும் 17 நொடிதான் வந்தது.

ஐந்து மாதம் கழித்து சிக்னல் 22 நொடியானது. கடைசி நாலு நொடிக்கு மட்டும் இன்னும் வண்டிக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்கிறார் அம்மா. சிக்னல் ரொம்ப நேரம் நிற்கிறது என்று புகார் சொல்ல அடுத்த கூட்டத்திலேயே ஒருவர் வந்தார். அவருக்கும் மூன்று நிமிடம்.

பிடித்த இன்னொன்று, கோடு போட்ட ஒரு நீள நோட்டு. போன மாதம் யார் எதைச் செய்வதாகச் சொன்னார்கள், நடந்ததா என்று கூட்டத்தின் தொடக்கத்தில் அதிலிருந்து வாசிப்பார்கள். ஒரு தெருவிளக்குக்கு எதிரே 19 மாதம் "நடக்கவில்லை" என்றே வாசித்தார்கள். திட்டியெல்லாம் வாசிக்க மாட்டார்கள், வானிலை அறிக்கை மாதிரி ஒரே குரல்தான். இருபதாவது மாதம் விளக்கு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை. நோட்டு வைத்திருப்பவர் ஸ்கேலை வைத்து அந்த வரியை அடித்தார், அவ்வளவுதான்.

சரி, குறைகளுக்கு வருவோம். பேசுவது பெரும்பாலும் அதே எட்டுப் பேர், அதில் நானும் ஒருவன். கூட்டம் மாலை ஏழு மணிக்கு என்பதால் கைக்குழந்தைக்காரர்களும் இரவு வேலைக்காரர்களும் வருவதே இல்லை. அவர்களுக்காக நாங்கள்தான் பேசுகிறோம், பாதி தப்பாகத்தான் பேசுகிறோம் என்று நினைக்கிறேன். ஞாயிறு காலைக்கு மாற்றலாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன், மூன்று தடவையும் வாக்கெடுப்பில் தோற்றேன். வாக்களித்தவர்கள் எல்லோருமே ஏழு மணிக்கு வர முடிந்தவர்கள்!

இன்னொன்று, எங்களுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்பது அதில் நாலாவது படி. வெறும் ஒப்புக்கு நடப்பவை என்று அவர் ஒதுக்கிய படிகளில் அதுவும் ஒன்று. பெரும்பாலான மாதங்களில் நாங்கள் நிற்பது அங்கேதான். பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல் நகர வரவு செலவின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடலாம் என்று மக்கள் கூடி முடிவு செய்தார்கள். எங்களிடம் கையெழுத்துப் போடப் பேனா மட்டும்தான் இருக்கிறது. ஒரே வருகையில் வேலை முடிய வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கூட்டம் ஒத்துவராது. நேராகப் புகார் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் வேகம்.

வருகிற கூட்டத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் இருக்கை போட வேண்டும் என்று பேசப் போகிறேன். போட்டால் இரவில் ஆட்கள் கூடிப் பேசுவார்கள், தூக்கம் கெடும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயம். எனக்கு முன்னாடியே பெயர் கொடுத்துவிட்டார். இருவரும் ஒன்றாகத்தான் நடந்து போகப் போகிறோம்.