விரட்டு, பேசு, விலை கொடு: கமான்சிகளிடம் டெக்சாஸ் முயன்ற மூன்று வழிகள்

டெக்சாஸ் 1836இல் மெக்சிகோவிடமிருந்து பிரிந்து தனி நாடானது. ஆனால் தன்னுடையது என்று அது சொல்லிக்கொண்ட நிலத்தின் மேற்குப் பகுதியில் கமான்சிகள் என்ற பழங்குடியினர் வைத்ததுதான் சட்டம். அதே ஆண்டு மே மாதம் அவர்களும் கூட்டாளிகளும் பார்க்கர் கோட்டையைத் தாக்கி, சிந்தியா ஆன் பார்க்கர் என்ற சிறுமியைத் தூக்கிச் சென்றார்கள். இவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அடுத்த பதினோரு ஆண்டுகளில் மூன்று பேர் மூன்று விடை சொன்னார்கள். அதிபர் லமார் விரட்டச் சொன்னார். அவருக்கு முன்னும் பின்னும் அதிபராக இருந்த சாம் ஹூஸ்டன் பேசச் சொன்னார். ஜெர்மானியக் குடியேற்றத்தை நடத்திய மொய்சபாக் விலை கொடுத்து வழி கேட்டார். மூன்றாவது வழிதான் மற்ற இரண்டையும்விடத் தேறியது என்பது என் கணக்கு. அதற்குக் காரணம் அவரது நல்ல மனது என்று நான் நினைக்கவில்லை.

லமாரிடமிருந்து தொடங்கலாம். 1838 டிசம்பரில் பதவிக்கு வந்த அவர் எதையும் மறைக்கவில்லை: பழங்குடிகள் வெளியேற வேண்டும், இல்லையேல் அழிய வேண்டும். 1839இல் செரோக்கிகளை விரட்டினார். அடுத்தது கமான்சிகளின் முறை. அவர்களில் பெரியம்மையில் அடிபட்டிருந்த பெனடெக்கா பிரிவினர் 1840 தொடக்கத்தில் சமாதானம் பேச முன்வந்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் எல்லோரையும் கொண்டுவாருங்கள் என்றது டெக்சாஸ். மார்ச் 19 அன்று சான் அந்தோனியோவுக்கு வந்த தலைவர்கள் மட்டில்டா லாக்ஹார்ட் என்ற பெண்ணையும் ஒரு சிலரையும்தான் அழைத்துவந்தார்கள். சித்திரவதையில் சிதைந்திருந்த அவள் முகத்தைப் பார்த்து ஊரே கொதித்தது. மற்ற கைதிகள் வேறு பிரிவுகளிடம் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் உத்தரவு போட முடியாது என்றார் தலைவர் முகுவாரா. அது உண்மையும்கூட. கமான்சிகளுக்கு ஒரே அரசர் என்று யாரும் கிடையாது. டெக்சாஸ் தரப்பு அதைக் காதில் வாங்கவில்லை. பேச வந்தவர்களைப் படைவீரர்கள் சூழ்ந்துகொண்டு, மற்றவர்கள் விடுதலையாகும்வரை நீங்களே பிணை என்றார்கள். கைகலப்பு மூண்டது. முப்பதுக்கு மேற்பட்ட கமான்சிகள் செத்தார்கள். அவர்களில் 12 பேர் தலைவர்கள்.

பலன் ஆகஸ்டில் வந்தது. பஃபலோ ஹம்ப் என்ற தலைவரின் கீழ் நூற்றுக்கணக்கான கமான்சிகள் கடற்கரைவரை இறங்கி விக்டோரியாவைத் தாக்கிவிட்டு, லின்வில் துறைமுகத்தைக் கொளுத்தினார்கள். ஊர்மக்கள் படகேறித் தப்பித்து, தங்கள் கிடங்குகள் எரிவதைத் தண்ணீரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொள்ளையில் கிடைத்த உயரத் தொப்பிகளை மாட்டிக்கொண்டு, குதிரை வாலில் ரிப்பன் கட்டி கமான்சிகள் திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். லின்வில் மறுபடி எழவேயில்லை.

சரி, லமாருக்கும் ஒரு வாதம் உண்டு. திரும்பும் வழியில் பிளம் கிரீக்கில் கமான்சிகள் அடிவாங்கினார்கள். அக்டோபரில் கர்னல் மூரின் படை கொலராடோ ஆற்றங்கரை முகாம் ஒன்றைச் சூறையாடியது. அதன்பின் பெனடெக்காக்கள் வடக்கே ஒதுங்கினார்கள். லமார் அடித்ததால்தான் ஹூஸ்டனால் பேச முடிந்தது என்பவர்களை நான் முழுதாக மறுக்க மாட்டேன். நியூ மெக்சிகோவின் ஸ்பானிய ஆளுநர் அன்சாவும் 1779இல் குயெர்னோ வெர்தே என்ற தலைவரைப் போரில் வீழ்த்திவிட்டுத்தான் 1786இல் எக்குவெராகாபாவுடன் உடன்படிக்கை செய்தார். அந்த அமைதி தலைமுறைகள் நீடித்தது. ஆனால் அன்சா பேச வந்தவரைப் பிடித்து வைக்கவில்லை. சான் அந்தோனியோவுக்குப் பிறகு டெக்சாஸ்காரரின் அழைப்பை நம்பி வர எந்தக் கமான்சிக்குத்தான் மனம் வரும்?

பணக் கணக்கிலும் லமார் தோற்கிறார். பழங்குடிகள் தொடர்பாக அவர் அரசு செலவழித்தது சுமார் 25 லட்சம் டாலர். ஹூஸ்டனின் இரண்டாவது ஆட்சியில் (1841–44) அதே கணக்கில் போனது சுமார் ஒரு லட்சம். கஜானா காலியாகக் கிடந்த நாட்டில் ஹூஸ்டனுக்கு வேறு வழியும் இல்லை என்பது தனிக் கதை.

ஹூஸ்டன் இளமையில் செரோக்கிகளோடு வாழ்ந்தவர். எதிரில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர். வணிக நிலையங்கள் அமைத்தார், பரிசுகள் அனுப்பினார், 1844 அக்டோபரில் டெஹுவாக்கானா ஓடைக்கு நேரில் போய் பஃபலோ ஹம்புடன் உடன்படிக்கை செய்தார். கமான்சிகள் கேட்ட முக்கியமான விஷயம் ஒன்றே: எங்கள் நிலம் எங்கே தொடங்குகிறது, கோடு போடுங்கள். எல்லை விஷயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போகாமல் அந்தப் பிரிவையே விட்டுவிட்டார்கள். கோடு போட்டிருந்தாலும் அதைத் தாண்டும் குடியேறிகளை ஹூஸ்டனால் தடுத்திருக்க முடியுமா? நிலத்துக்காகவே வந்த ஜனம் அது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் அவர்கள்தான்.

மொய்சபாக்கின் நிலைமை வேறு. ஜெர்மானியக் குடியேறிகளுக்காக வாங்கியிருந்த 30 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கமான்சி வேட்டைக்களத்தில் கிடந்தது. நிலத்தை அளந்து முடிக்காவிட்டால் அந்த உரிமை பறிபோகும். 1847 தொடக்கத்தில் சான் சாபா ஆற்றுப் பக்கம் புறப்பட்டார். நம்பிக்கை காட்ட, தன் ஆட்களின் துப்பாக்கிகளை வானத்தில் சுட்டுக் காலி செய்யவைத்தார். மே 9 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் கையெழுத்தான உடன்படிக்கையில் இருந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். ஜெர்மானியர் நிலத்தை அளக்கலாம், குடியேறலாம். கமான்சிகள் ஜெர்மானிய ஊர்களுக்குப் பயமில்லாமல் வந்துபோகலாம். அவர்களுக்கு 3,000 டாலர் மதிப்பில் பரிசுகள். லமாரின் செலவுக்குப் பக்கத்தில் இது சில்லறை.

இது வேலை செய்ததற்கு என் பார்வையில் காரணம் அதன் அளவுதான். இன்ன நிலம், இன்ன ஊர்கள், இன்ன தலைவர்கள் என்று இருந்தது. தன் குடியேறிகள் யார் என்று மொய்சபாக்குக்குத் தெரியும். கமான்சிகளுக்கும் பக்கத்திலேயே சந்தை கிடைத்தது. அதே காரணத்தால் அதற்கு வரம்பும் உண்டு. கையெழுத்திட்ட பெனடெக்காக்களைத்தான் அது கட்டுப்படுத்தும். அவர்களில் முக்கியமானவரான சாந்தா ஆனா 1849 காலராவில் இறந்துபோனார். ஒருபோதும் மீறப்படாத உடன்படிக்கை என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வது கொஞ்சம் மிகை. ஃபிரெடரிக்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள மலைப்பகுதி பின்னாளில் தாக்குதல்களைப் பார்த்தது.

இதற்கிடையே 1845இல் டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைந்தது. இணையும்போது பொது நிலங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வாஷிங்டன் பழங்குடிகளுக்கு வாக்குக் கொடுக்கலாம், ஆனால் டெக்சாஸில் கொடுக்க அதனிடம் நிலம் இல்லை. 1850களில் மாநிலம் ஒதுக்கிய சிறு துண்டில், கிளியர் ஃபோர்க் ஆற்றங்கரையில், சில நூறு பெனடெக்காக்கள் குடியமர்த்தப்பட்டார்கள். மொய்சபாக்கின் சான் சாபா பேச்சில் கூடவே இருந்த ராபர்ட் நெய்பர்ஸ்தான் பொறுப்பாளர். வேறு பிரிவினர் நடத்திய தாக்குதல்களுக்கும் இவர்களையே குற்றம் சொன்ன குடியேறிகள், 1859இல் ஆயுதங்களோடு ஒதுக்கிடங்களுக்கே வந்து நின்றார்கள். நெய்பர்ஸ் தன் பொறுப்பில் இருந்தவர்களை ரெட் ஆற்றைத் தாண்டி வடக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். செப்டம்பரில் பெல்க்நாப் கோட்டை ஊரில் அவரை முதுகில் சுட்டுக் கொன்றவன் ஒரு வெள்ளைக்காரன்.