செயினுக்கு எந்த எண்ணெய், யார் சொல் கணக்கு?

பைக் செயினை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினால் இரண்டு கேள்விகள் வரும். எதை ஊற்றுவது? யாரைக் கேட்டுச் செய்வது? எல்லோரும் முதல் கேள்விக்குத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். செயின் எத்தனை நாள் உழைக்கும் என்பதோ பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கிறது. அதையே முதலில் பார்ப்போம்.

ஓனர்ஸ் மேனுவலைப் பலர் பிரித்தே பார்ப்பதில்லை. தொலைந்துபோயிருந்தாலும் கவலையில்லை, நிறையக் கம்பெனிகள் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. செயினுக்கு அதில் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். ஆனால் உங்கள் மாடலுக்கு எத்தனை மில்லிமீட்டர் லூஸ் (செயின் மேலும் கீழும் ஆடும் அளவு), பின்சக்கர அச்சைப் பிடிக்கும் ஆக்சில் நட்டை எவ்வளவு டார்க்கில் (திருகு விசையில்) இறுக்குவது, வண்டியை எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பது என்பதையெல்லாம் நம்பிப் பார்க்கக்கூடிய இடம் அதுதான்.

எந்த ஸ்டாண்ட் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் கீழே இறங்கியிருக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கி ஷாக் கொஞ்சம் அமுங்கும். முன் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஸ்விங் ஆர்ம் திரும்பும் போல்ட்டும் ஒரே புள்ளியில் இல்லாததால், சக்கரம் மேலே ஏற ஏறச் செயின் இறுகிக்கொண்டே வரும். ஸ்ப்ராக்கெட், போல்ட், பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் உச்ச இறுக்கம். சைடு ஸ்டாண்டில் அளக்கச் சொன்ன 30 மி.மீ.யை நீங்கள் சென்டர் ஸ்டாண்டில் வைத்தால், பின்னால் ஒருவரை உட்காரவைத்துப் பள்ளத்தில் இறக்கும்போது லூஸே மிஞ்சாது. அந்த இழுவை கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்குக்கும் பின்சக்கர பேரிங்குக்கும் போகும். லூஸான செயின் சத்தம் போட்டாவது சொல்லும். டைட்டான செயின் பேரிங்கைத் தின்றுவிட்டுத்தான் வெளியே தெரியும்.

யூடியூப் வீடியோவின் பலம் வேறு. செயின் இறுக்கத்தை மாற்றும் அட்ஜஸ்டரை எந்தப் பக்கம் திருகுவது, அதன் இரண்டு பக்க அளவுக்கோடுகளையும் எப்படிச் சமமாக நிறுத்துவது என்பதையெல்லாம் மேனுவலின் கோட்டுப்படத்தைவிட வீடியோவில் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். ஆனால் அதில் சொல்லும் அளவு வீடியோ போட்டவர் வண்டியின் அளவு. ஸ்கேல் வைத்து அளக்காமல், விரலால் செயினைத் தூக்கிப் பார்த்து ‘இது போதும்’ என்கிற வீடியோவை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைத்துக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். எஞ்சின் ஆஃப், கியர் நியூட்ரல், சக்கரத்தைக் கையால் சுற்றுவது. இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

மூன்றாவது, தெருமுனை மெக்கானிக். செயின் டைட் வைப்பதில் சிலர் கைக்கணக்கிலேயே போவார்கள். சத்தம் போகட்டும் என்று வருகிறவர்கள் கேட்பதால் ஒரு திருகு கூடுதலாகவே இறுக்கிவிடுவதும் உண்டு. ஆனால் கோளாறைக் கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, “அண்ணே, இந்த இடத்துல மட்டும் டைட் ஆகுது பாருங்க, செயின் ஒரே மாதிரி தேயல” என்பார். அதை எந்தப் புத்தகமும் உங்கள் வண்டியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லாது. ஆக, அளவுக்கு மேனுவல், கைவேலைக்கு வீடியோ, கோளாறுக்கு மெக்கானிக். மூன்றும் முரண்பட்டால் நான் மேனுவல் பக்கம்தான்.

மெக்கானிக்குகளுக்கான சர்வீஸ் மேனுவல் செயின் வேலைக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. பார்ட்ஸ் கேட்டலாக் கிடைத்தால் விடாதீர்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று படத்தில் இருக்கும். சென்னையில் ஜிபி ரோட்டுக் கடைகளில் பார்ட் நம்பரைச் சொல்லியே கேட்கலாம்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். முதலில் உங்கள் செயின் எந்த வகை என்று பாருங்கள். பக்கத் தகடுகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் ஓ-ரிங் செயின். கண்ணிகளைக் கோக்கும் பின் என்ற உலோக ஊசிக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழலுக்கும் நடுவே கிரீஸை வைத்து, அது வெளியேறாமல் அந்த வளையங்களால் அடைத்திருப்பார்கள். இங்கே உங்கள் வேலை ஸ்ப்ராக்கெட் பல்லில் உட்காரும் ரோலரையும் வளையத்தையும் காயவிடாமல் வைப்பது மட்டுமே. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வளையத்தைக் கெடுக்கும். மண்ணெண்ணெய், மெல்லிய பிரஷ், துடைக்கப் பனியன் வேஸ்ட் போதும். சாதாரண செயினில் உள்ளே இருக்கும் பின் வரை எண்ணெய் போயாக வேண்டும்.

என் ஓட்டு 90 நம்பர் கியர் ஆயிலுக்கு. ஒரு லிட்டர் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும், இண்டு இடுக்கில் இறங்கும், இரண்டு வகைச் செயினுக்கும் ஆகும். குறை, தெறிக்கும். மிச்சத்தைத் துடைக்காமல் ஓட்டினால் ரிம்மிலும் நம்பர் பிளேட்டிலும் கறுப்புப் புள்ளிகள் விழும். டயரில் பட்டால் வழுக்கும். அதனால் கீழ்ச் செயினின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளிப்பக்கம் நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

ஸ்ப்ரே சுத்தமான வேலை. வண்டி ஓடி நின்று செயின் சூடாக இருக்கும்போது அடித்து, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்வரை விட்டால் ஒட்டி நிற்கும். நெடுந்தூரம் போகிறவர்கள் பையில் வைத்துக்கொள்ளச் சின்ன டப்பா வசதி. ஆனால் விலை அதிகம், ஓ-ரிங்குக்கு உகந்தது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புழுதி ரோட்டில் பிசுபிசுப்பான வகைகள் மண்ணைப் பிடித்துக்கொண்டு தேய்ப்புத்தாள் மாதிரி ஸ்ப்ராக்கெட்டை அரைக்கும்.

கிரீஸைத் தடவினால் வெளியே அப்பிக்கொண்டு மண் சேர்க்குமே தவிர உள்ளே போகாது. வேஸ்ட் எஞ்சின் ஆயில் சும்மா கிடைக்கிறது என்று ஊற்றுகிறார்கள். அதில் உலோகத் துகளும் எரிபொருள் கரியும் கலந்திருக்கிறது, தோலுக்கும் கெடுதல். வேண்டவே வேண்டாம்.

500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், மழையில் ஓட்டினால் அன்றைக்கே. முழு செயின் கவர் உள்ள 100 சிசி வண்டிக்காரர்களுக்கு இவ்வளவு அவசரம் இல்லை.

தேய்மானத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 428 என்ற அளவுச் செயின் என்றால் ஒரு கண்ணிக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களை (அதாவது 20 கண்ணிகளை) மையத்துக்கு மையம் அளந்தால் புதிதில் 254 மி.மீ. வரும். 259 வந்தால் 2 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான். மாற்றும்போது முன், பின் ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் சீக்கிரமே போய்விடும். கோவை எல்ஜிபியின் ரோலான், சென்னை டிஐயின் டயமண்ட் என்று நம் ஊர்த் தயாரிப்புகளே இருக்கின்றன. இரண்டு முனைகளையும் இணைக்கும் கண்ணியில் கிளிப் லாக் வைத்த செயினானால், மாட்டி முடித்ததும் மேல் செயினில் அந்த லாக்கைக் கொண்டுவந்து பாருங்கள்: அதன் மூடிய முனை முன்சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும், பிளந்த முனை பின்னால்.